எச்1பி பேச்சில் விடுபட்டுப்போன லேப் பசங்க

2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. புதிய எச்1பி மனு ஒவ்வொன்றுக்கும் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அதிபர் டிரம்ப் கையெழுத்துப் போட்ட அன்று நம்ம வாட்ஸ்அப் குழுக்கள் எப்படிப் பதறின என்பது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். ஊருக்குப் போனவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் திரும்பிவிட வேண்டும் என்று சில கம்பெனிகள் மெயில் அனுப்பின. கல்யாணத்துக்குப் போனவர்கள்கூட ரிசப்ஷனுக்கு நிற்காமல் ஏர்போர்ட்டுக்கு ஓடியதாகக் கதைகள் சுற்றின. மறுநாளே வெள்ளை மாளிகை விளக்கம் சொன்னது: இது புதிய மனுக்களுக்கு மட்டும், கையில் விசா இருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். அப்பாடா என்று உட்கார்ந்தோம்.

அதற்குப் பிறகு நாம் பேசியதெல்லாம் ஐடி பற்றித்தான். ஐடி கம்பெனிகள் என்ன செய்யும், வேலைகள் சென்னைக்குப் போகுமா, டொரன்டோவுக்குப் போகுமா, லாட்டரி மாறுமா. நானும் ஐடிக்காரன்தான், எனக்கும் அதே கவலை. ஆனால் ஐடி கம்பெனிக்கு ஏதாவது ஒரு வழி இருக்கிறது. ஒரு டீமை அப்படியே பெயர்த்து இன்னொரு ஊரில் வைத்துவிடலாம். லேப்டாப் இருந்தால் போதும். அப்படிப் பெயர்த்து வைக்க முடியாத ஓர் இடம் இருக்கிறது. அங்கேயும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நம் குழுக்களில் பேச்சே இல்லை.

நான் சொல்வது பல்கலைக்கழகங்களில் இருக்கும் கட்டமைப்பு உயிரியல் ஆய்வகங்களை. நம் உடம்பில் உள்ள புரதங்கள், கிருமிகளின் புரதங்கள் இவையெல்லாம் என்ன வடிவத்தில் இருக்கின்றன என்று அணு அணுவாகக் கண்டுபிடித்து, அந்த வடிவத்தில் எங்கே ஒரு மருந்து மூலக்கூறு போய் உட்காரும் என்று தேடுகிற இடங்கள். பூட்டைப் பார்த்துச் சாவி செய்வது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்குவார்கள். சரிதான். ஆனால் இந்தப் பூட்டு கண்ணுக்குத் தெரியாது, நிமிஷத்துக்கு நிமிஷம் நெளிந்துகொண்டும் இருக்கும்.

லேப் என்றதும் பெரிய கட்டடத்தை நினைக்க வேண்டாம். பத்து, பதினைந்து பேர், அவ்வளவுதான். தலைமையில் ஒரு பேராசிரியர். பெரும்பாலும் அவர் பைப்பெட்டைக் கையில் எடுத்தே பல வருடம் ஆகியிருக்கும், ஏனென்றால் அவருடைய முழுநேர வேலை கிராண்டுக்கு விண்ணப்பம் எழுதுவது. அவருக்குக் கீழே இரண்டு மூன்று போஸ்ட்டாக், அதாவது பிஹெச்டி முடித்துவிட்டு இன்னும் நிரந்தர வேலை கிடைக்காதவர்கள். ஐந்தாறு பிஹெச்டி மாணவர்கள். மூலக்கூறுகளைச் செய்து தரும் வேதியியல்காரர் ஒருவர், கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்காதவர் ஒருவர், கோடை விடுமுறைக்கு வந்துபோகும் இளநிலை மாணவர்கள். இவர்கள் எல்லோருக்கும் மேல் லேப் மேனேஜர். எந்த ஃப்ரீசரில் எந்தத் தட்டில் யாருடைய சாம்பிள் இருக்கிறது, எந்த மெஷின் யார் தொட்டால் வேலை செய்யும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். உண்மையில் லேபை நடத்துவது அவர்தான்.

இந்தப் பதினைந்து பேரில் நிலையான வேலை என்று சொல்லிக்கொள்ளக்கூடியது பேராசிரியருக்கு மட்டும். மற்றவர்கள் எல்லாம் இரண்டு வருடம், மூன்று வருடம், ஐந்து வருடம் என்று வந்துபோகிறவர்கள். அமெரிக்காவில் அறிவியல் போஸ்ட்டாக்குகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தற்காலிக விசாவில் இருப்பவர்கள். சீனா, இந்தியா, ஐரோப்பா, ஈரான், கொரியா. எந்த லேபுக்குப் போனாலும் மதிய நேரத்தில் மைக்ரோவேவ் பக்கம் நின்றால் ஐந்து நாட்டுச் சாப்பாட்டு வாசனை வரும்.

நான் வந்த புதிதில் என்னோடு ஒரே அபார்ட்மென்ட்டில் இருந்தவன் இப்படி ஒரு லேபில் பிஹெச்டி செய்துகொண்டிருந்தான். மதுரைப் பக்கத்துப் பையன். நான் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து சமைத்துச் சாப்பிட்டுப் படுக்கப் போகும்போது அவன் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்புவான். "பாக்டீரியா வளர்ந்திருக்கும் மச்சி, இப்ப போய் இன்ட்யூஸ் பண்ணலன்னா நாளைக்கு எல்லாம் வேஸ்ட்டு." ஒரே ஒரு புரதத்தோடு பதினான்கு மாதம் போராடினான். எனக்கு அப்போது அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. பதினான்கு மாதத்தில் நாங்கள் ஒரு பேங்கின் முழு மொபைல் ஆப்பையே மாற்றி எழுதியிருந்தோம்.

அவன் செய்தது என்ன என்று மெல்ல மெல்லத்தான் எனக்குப் புரிந்தது. வேண்டிய புரதத்துக்கான மரபணுவை பாக்டீரியாவுக்குள்ளோ பூச்சி செல்லுக்குள்ளோ செலுத்தி, லிட்டர் லிட்டராக வளர்த்து, செல்லை உடைத்து, அதிலுள்ள ஆயிரக்கணக்கான புரதங்களிலிருந்து நமக்கு வேண்டிய ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். இதில் பெரும்பகுதியை நான்கு டிகிரி குளிர் அறைக்குள் நின்று செய்ய வேண்டும். பாதி வழியில் புரதம் திரிந்துபோகும், பால் திரிகிற மாதிரியே. மறுபடி முதலிலிருந்து. ஒருவழியாகச் சுத்தமாக வந்தால் அதைப் படிகமாக்க வேண்டும். நூற்றுக்கணக்கான உப்புக் கரைசல்களில் ஒவ்வொரு சொட்டு வைத்துக் காத்திருப்பார்கள், எதிலாவது படிகம் முளைக்குமா என்று. முளைத்தால் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, சிகாகோ பக்கம் ஆர்கானில் இருப்பது போன்ற பெரிய எக்ஸ்ரே நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே நமக்கு ஒதுக்கிய நேரம் ராத்திரி இரண்டு மணி என்றால் இரண்டு மணிதான்.

படிகமே ஆகாத புரதங்களுக்கு இப்போது கிரையோ எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் இருக்கிறது. 2017 வேதியியல் நோபல் அதற்குத்தான். ஆனால் அதிலும் சாம்பிளை ஒரு சின்னஞ்சிறு வலைத்தட்டில் வைத்து, கண் சிமிட்டுவதற்குள் உறைய வைக்க வேண்டும். பனி கொஞ்சம் தடித்தால் படம் விழாது, மெலிந்தால் புரதம் தங்காது. பல மில்லியன் டாலர் மைக்ராஸ்கோப், ஆனால் முடிவு ஒருவருடைய கை நிதானத்தில் இருக்கிறது.

ஐடியில் கேடி என்று ஒன்று வைத்திருக்கிறோம் இல்லையா, வேலையை விட்டுப் போகிறவர் புதிதாக வருபவருக்கு எல்லாம் சொல்லிக்கொடுப்பது? இரண்டு வாரம் ஜூம் ரெக்கார்டிங், கான்ஃப்ளூயன்ஸில் பத்துப் பக்கம், முடிந்தது. மீதி சந்தேகத்துக்குக் கோடு இருக்கிறது, படித்துப் புரிந்துகொள்ளலாம். லேபில் கோடு கிடையாது. ஆய்வுக் கட்டுரையில் "புரதம் வழக்கமான முறையில் சுத்திகரிக்கப்பட்டது" என்று ஒரே வரி இருக்கும். அந்த வரிக்குள் ஒரு ஆளுடைய இரண்டு வருடம் இருக்கும். அது அடுத்தவருக்குப் போய்ச் சேர ஒரே வழி, தெரிந்தவர் பக்கத்தில் தெரியாதவர் நிற்பது. சீனியர் போஸ்ட்டாக் போவதற்குள் ஜூனியர் மாணவர் வந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே அறையில் ஒரு வருடமாவது சேர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். லேபின் உயிர் இந்த ஒரு வருடத்தில்தான் இருக்கிறது. இப்போது அமெரிக்காவில் வெட்டப்படுவது இந்த ஒரு வருடம்தான் என்பது என் வாதம். மைக்ராஸ்கோப்பை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை.

இந்தக் கைமாற்று எதைக் கொடுக்கும் என்பதற்கு நாம் எல்லோரும் உடம்பில் சுமக்கும் உதாரணம் ஒன்று இருக்கிறது. 2020 ஜனவரியில் கொரோனா வைரஸின் மரபணு வரிசை வெளியானபோது ஆஸ்டின் நகரில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜேசன் மெக்லெல்லன் குடும்பத்தோடு யூட்டாவில் பனிச்சறுக்கு விடுமுறையில் இருந்தார். லேபில் இருந்தவர்கள் டேனியல் ராப் என்ற மாணவரும் நியான்ஷுவாங் வாங் என்ற ஆய்வாளரும். பிப்ரவரி 19 அன்று, அதாவது ஆறு வாரத்துக்குள், வைரஸின் ஸ்பைக் புரதத்தின் வடிவம் 'சயன்ஸ்' இதழில் வந்துவிட்டது. உலகமே ஆச்சரியப்பட்டது. ஆனால் அந்த ஆறு வாரத்துக்குப் பின்னால் பல வருடம் இருந்தது. பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் மெர்ஸ் வைரஸின் புரதத்தில் வேலை செய்துவிட்டு அமெரிக்கா வந்தவர் வாங். இந்த ஸ்பைக் புரதம் அடங்காதது. சும்மா இருக்கும்போதே வடிவம் மாறிவிடும். அதில் இரண்டு இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலத்தை மாற்றிவைத்தால் அது பழைய வடிவத்திலேயே நிற்கும் என்பதை மெர்ஸ் வைரஸில் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் அவர். 2017ல் அந்தக் கட்டுரை வெளியாவதற்கு முன் ஒன்றுக்கு மேற்பட்ட இதழ்கள் அதை ஏற்க மறுத்திருந்தன. அன்று யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மூன்று வருடம் கழித்து அதே இரண்டு புரோலின் மாற்றம் ஃபைசர், மாடெர்னா, ஜான்சன், நோவாவேக்ஸ் என்று நான்கு தடுப்பூசிக்குள்ளும் இருந்தது.

2026 ஜனவரியில் டெக்சாஸ் ஆளுநர் கிரெக் அபட், மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் சிறப்பு அனுமதி இல்லாமல் புதிய எச்1பி மனு எதுவும் போடக்கூடாது என்று 2027 மே வரை நிறுத்திவைத்தார். ஆஸ்டினில் இருப்பதும் மாநில அரசுப் பல்கலைக்கழகம்தான்.

இன்னொரு உதாரணம் புற்றுநோய். கே-ராஸ் என்ற புரதம் புற்றுநோய்க்குக் காரணம் என்று 1980களின் தொடக்கத்திலேயே தெரியும். ஆனால் அதன் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கிறது, மருந்து பிடிப்பதற்கு ஒரு பள்ளம்கூட இல்லை என்று முப்பது வருடம் கைவிட்டிருந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் கெவன் ஷோகாட்டின் பல்கலைக்கழக லேபில் ஜானதன் ஆஸ்ட்ரெம் என்ற மாணவரும் உல்ஃப் பீட்டர்ஸ் என்ற போஸ்ட்டாக்கும் 2013ல் அந்தப் பள்ளத்தைக் காட்டினார்கள். விசேஷம் என்னவென்றால், அதற்கு முன் எடுத்த எந்தப் படத்திலும் அந்தப் பள்ளம் தெரியவில்லை. மூலக்கூறு போய் ஒட்டியபோதுதான் அது திறந்தது. 2021 மே மாதம் ஆம்ஜென் நிறுவனத்தின் சோட்டோராசிப் மாத்திரைக்கு எஃப்டிஏ ஒப்புதல் கொடுத்தது. நுரையீரல் புற்றுநோயில் மிகப் பரவலான வகையில் ஏறக்குறைய 13 சதவீதம் பேருக்கு இருக்கிற மாற்றம் அது. 2010 முதல் 2016 வரை அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற 210 புதிய மருந்துகளில் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் அரசின் தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச் பணம் கொடுத்த ஆராய்ச்சி இருந்தது என்று 2018ல் ஒரு ஆய்வு கணக்குப் போட்டுக் காட்டியது. மருந்துக் கம்பெனியின் விளம்பரத்தில் இதெல்லாம் வராது.

இந்த இடத்தில் என் ஐடி நண்பர்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அதான் ஆல்ஃபாஃபோல்டு வந்துடுச்சே? இனிமே ஏஐ பார்த்துக்கும். எதுக்கு இத்தனை பேர்?"

நல்ல கேள்வி. 2020ல் கூகுளின் டீப்மைண்ட் வெளியிட்ட ஆல்ஃபாஃபோல்டு-2, அமினோ அமில வரிசையைக் கொடுத்தால் புரதத்தின் வடிவத்தைக் கணித்துச் சொல்கிறது. 2024 வேதியியல் நோபலில் பாதி டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் போனது அதற்காகத்தான். இப்போது 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது. ஆனால் எங்கள் தொழிலில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: டேட்டா எங்கிருந்து வந்தது?

புரோட்டீன் டேட்டா பேங்க் என்று ஒரு பொதுக் களஞ்சியம். 1971ல் ஏழே ஏழு கட்டமைப்புகளோடு நியூயார்க் லாங் ஐலண்டில் புரூக்ஹேவனில் தொடங்கியது. இன்று அதன் அமெரிக்கத் தலைமையகம் நியூ ஜெர்சி ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், எடிசன்வாசிகளுக்குத் தெரிந்த பிஸ்கட்டவேயில் இருக்கிறது. 2023ல் எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. ஆல்ஃபாஃபோல்டுக்குப் பாடம் எடுத்தது அதிலிருந்த ஏறத்தாழ 1,70,000 கட்டமைப்புகள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் குளிர் அறையில் நின்று எடுத்தது. என் அறைத்தோழனுடைய பதினான்கு மாதமும் அதில் ஒரு வரிசை எண்ணாக இருக்கிறது. அதுவும் இலவசமாக, கட்டுரை வெளியாகும்போது கட்டமைப்பைப் பொதுவில் போட்டே ஆக வேண்டும் என்று அந்தத் துறை தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதியால்.

அந்தக் களஞ்சியத்துக்குள் போகும் ஒவ்வொரு புரதக் கட்டமைப்பும் சரியா தவறா என்று பார்க்கும் சோதனைகளில் ஒன்றுக்கு ராமச்சந்திரன் வரைபடம் என்று பெயர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963ல் வெளியிட்டது. புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க முடியும், எதில் முடியாது என்பதை மேசைக் கணக்குப் பொறிகளை வைத்துக் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அதற்கு முன் 1954ல் ராமச்சந்திரனோடு சேர்ந்து கொலாஜன் புரதத்தின் மும்மடி முறுக்கைச் சொன்ன கோபிநாத் கர்த்தா பிறகு அமெரிக்காவில் பஃபலோவுக்கு வந்து, 1967ல் ரிபோநியூக்ளியேஸ் என்ற புரதத்தின் வடிவத்தைத் தீர்த்த குழுவில் இருந்தார். வெளிநாட்டு லேபில் நம்ம பக்கத்து ஆட்கள் என்பது நேற்று ஐடி அலையோடு வந்த விஷயம் இல்லை.

இப்போது கே-ராஸுக்கு மறுபடி வாருங்கள். மூலக்கூறு ஒட்டினால் மட்டும் திறக்கும் பள்ளம். இருக்கிற படங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஒரு மாடல், எந்தப் படத்திலும் இல்லாத பள்ளத்தை எந்த அளவுக்கு நம்பிச் சொல்லும்? வரும் வருடங்களில் இன்னும் நன்றாகச் சொல்லலாம். ஆனால் அது சொன்னது சரிதானா என்று பார்க்க மறுபடி யாராவது அந்தப் புரதத்தைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும். ஏஐ வந்த பிறகு லேப்காரர்களுக்கு வேலை குறையவில்லை. சோதித்துப் பார்க்க வேண்டிய கணிப்புகள் மலைபோல் குவிந்திருக்கின்றன. ஏஐயைக் காட்டி லேப் பட்ஜெட்டை வெட்டலாம் என்பது, டெஸ்ட் டீமைத் தூக்கிவிட்டு நேராக ப்ரொடக்‌ஷனில் போடுகிற மேனேஜருடைய புத்திசாலித்தனம்தான்.

பணம் எப்படி வருகிறது என்று கொஞ்சம் பார்க்கலாம், ஏனென்றால் வெட்டு எங்கே விழுகிறது என்பது அதில்தான் தெரியும். ஒரு லேபின் முதுகெலும்பு ஆர்01 என்ற என்ஐஎச் கிராண்ட். பொதுவாக நான்கைந்து வருடம். எளிய முறை பட்ஜெட்டில் வருடத்துக்கு அதிகபட்சம் இரண்டரை லட்சம் டாலர் நேரடிச் செலவுக்கு. கேட்க நிறைய மாதிரி இருக்கும். புதிய போஸ்ட்டாக்குக்கு என்ஐஎச் 2024ல் வைத்த உதவித்தொகை அளவு வருடத்துக்கு 61,008 டாலர், அதோடு இன்ஷூரன்ஸ். இரண்டு மாணவர், ரசாயனம், மைக்ராஸ்கோப் நேரத்துக்கான கட்டணம் என்று போட்டால் தீர்ந்துவிடும். மூன்றாவது வருடமே அடுத்த கிராண்டை எழுத ஆரம்பிக்க வேண்டும்.

2025 பிப்ரவரியில் என்ஐஎச், மறைமுகச் செலவுக்கு 15 சதவீதத்துக்கு மேல் தர மாட்டோம் என்று அறிவித்தது. சில பல்கலைக்கழகங்களுக்கு இது 60 சதவீதத்துக்கும் மேல் இருந்தது. நிர்வாகக் கொழுப்பு என்று வெளியே பெயர். அதில் கொழுப்பும் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசருக்கான மின்சாரம், மைக்ராஸ்கோப்பைப் பராமரிக்கும் இன்ஜினியர், ரசாயனக் கழிவை அகற்றுபவர் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். நீதிமன்றம் இதைத் தடுத்துவிட்டது. ஆனால் தடுப்பதற்குள்ளேயே நடக்க வேண்டியது நடந்துவிட்டது. மாசசூசெட்ஸில் யூமாஸ் சான் மருத்துவப் பல்கலைக்கழகம், அந்த வருட உயிர் மருத்துவ பிஹெச்டிக்குக் கொடுத்த இடங்களை மார்ச்சிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. வேறு பல இடங்களில் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். கொலம்பியாவுக்கு 40 கோடி டாலர், ஹார்வர்டுக்கு 200 கோடிக்கும் மேல் என்று நிறுத்திவைத்ததெல்லாம் தலைப்புச் செய்தி. பிறகு சமரசம், தீர்ப்பு என்று பணம் திரும்பியது. அந்த இடைப்பட்ட மாதங்களில் ஒப்பந்தம் முடிந்த போஸ்ட்டாக் திரும்பவில்லை.

அதைவிடச் சத்தமில்லாமல் நடந்த ஒன்று இருக்கிறது. வழக்கமாக ஐந்து வருட கிராண்ட் என்றால் வருடா வருடம் அந்தந்த வருட பட்ஜெட்டிலிருந்து பணம் வரும். 2025ல் கணிசமான கிராண்டுகளுக்கு எல்லா வருடப் பணத்தையும் முதலிலேயே மொத்தமாக எடுத்துவைக்க உத்தரவு வந்தது. ஐந்து வீட்டுக்கு ஒரு வருட வாடகை கொடுக்கிற காசில் ஒரே வீட்டுக்கு ஐந்து வருட வாடகை கட்டுவது மாதிரி. என்ஐஎச் மொத்த பட்ஜெட்டில் சுமார் 40 சதவீதத்தை வெட்டச் சொன்னது வெள்ளை மாளிகை. காங்கிரஸில் இரண்டு கட்சியினரும் அதை ஏற்கவில்லை. அதனால் பேப்பரில் தொகை குறையவில்லை. கிடைக்கும் லேப்களின் எண்ணிக்கை மட்டும் குறைகிறது. இதை எதிர்த்து யார் வீட்டு வாசலில் போய்ப் போராடுவது? வெட்டு என்று ஒன்று கணக்கில் இல்லையே!

இதோடு விசா. பல்கலைக்கழகங்களுக்கு எச்1பி லாட்டரி கிடையாது, ஆனால் அந்த ஒரு லட்சம் டாலரிலிருந்து விலக்கும் கிடையாது. உள்ளே மாணவர் விசாவில் இருப்பவர் எச்1பிக்கு மாறினால் கட்ட வேண்டியதில்லை என்று அக்டோபரில் குடியேற்றத் துறை தெளிவுபடுத்தியது. வெளியிலிருந்து எடுத்தால் கட்ட வேண்டும். போஸ்ட்டாக்குடைய ஒன்றரை வருடச் சம்பளத்துக்கும் அதிகமான தொகை. எந்தப் பேராசிரியரும் அதைக் கட்ட மாட்டார், கட்டவும் முடியாது. ஜே1 விசா இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, பலரும் அதில்தான் வருகிறார்கள். ஐந்து வருடத்தில் அது முடிந்துவிடும், சிலருக்கு முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்தே ஆக வேண்டும். 2025 ஆகஸ்டில் முன்மொழிந்த இன்னொரு விதிப்படி மாணவர்களும் ஜே1காரர்களும் அதிகபட்சம் நான்கு வருடத்துக்குத்தான் அனுமதி பெறுவார்கள், பிறகு நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டமைப்பு உயிரியலில் பிஹெச்டி நான்கு வருடத்தில் முடிந்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? ஐந்து, ஆறு என்றுதான் போகும். படிகம் முளைக்கிற சமயம் பார்த்து விசா பேப்பரோடு நிற்க வேண்டிவரும்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயமும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. போஸ்ட்டாக் முறை என்பதே படித்தவர்களைக் குறைந்த சம்பளத்தில் வைத்து வேலை வாங்கும் ஏற்பாடு என்று அமெரிக்க விஞ்ஞானிகளே பல காலமாகச் சொல்கிறார்கள். விசாவில் இருப்பவர் வாய் திறக்க மாட்டார் என்ற தைரியத்தில் வார இறுதி எல்லாம் வேலை வாங்கும் பேராசிரியர்களும் இருக்கிறார்கள், அதில் நம்ம ஊர்க்காரர்களும் அடக்கம். பேராசிரியர் வேலை நூறு இருந்தால் அதற்குத் தயாராகி நிற்பவர்கள் அதைவிடப் பல மடங்கு. சம்பளத்தை ஏற்று, ஆளைக் குறை என்றால் அது ஒரு வாதம். நான் கேட்டுக்கொள்வேன். ஆனால் ஒரு லட்சம் டாலர் கட்டணம் யாருடைய சம்பளத்தையும் ஏற்றவில்லை. கிராண்டை நடுவில் நிறுத்துவது எந்த உள்ளூர்ப் பையனையும் லேபுக்குள் கொண்டுவரவில்லை. யூமாஸ் சானில் இடம் பறிபோனவர்களில் அமெரிக்கப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

போனால் போகட்டும், வேறு நாடு இல்லையா? ஐரோப்பிய ஒன்றியம் 2025 மே மாதம் வெளிநாட்டு ஆய்வாளர்களை ஈர்க்க 2027 வரை 50 கோடி யூரோ ஒதுக்கியது. சீனா அக்டோபரில் இளம் அறிவியல்காரர்களுக்கென்று கே விசா தொடங்கியது. சிதம்பரத்தில் பிறந்து, 2009ல் ரைபோசோம் வடிவத்துக்காக நோபலில் பங்கு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன், அமெரிக்காவில் நல்ல பதவியில் இருந்தபோதுதான் 1999ல் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று கேம்பிரிட்ஜ் எல்எம்பிக்குப் போனார். வருடா வருடம் கிராண்டுக்காகக் கையேந்தாமல் ஒரே கேள்வியில் உட்கார்ந்து வேலை செய்யலாம் என்பதுதான் அவரை இழுத்தது. அந்த நிலைத்தன்மை எங்கே இருக்கிறதோ அங்கே ஆட்கள் போவார்கள். ஊருக்கே திரும்பலாமே என்று அப்பா அம்மா சொல்வார்கள். இந்தியாவில் ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023ல் மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்தது. அதுவும் மாதக்கணக்கில் தாமதமாக வருகிறது என்ற புகார் ஓயவில்லை. திரும்பிப் போய் நல்ல லேப் கட்டியவர்கள் இருக்கிறார்கள். அது மனோதைரியம் உள்ள சிலருக்கான வழி, எல்லோருக்குமான ஏற்பாடு இல்லை.

என் அறைத்தோழன் சான் டியேகோவில் ஒரு மருந்துக் கம்பெனிக்குப் போய்விட்டான். நல்ல சம்பளம். அவனுடைய பழைய லேபில் அவன் புரதத்தை இப்போது யாரும் செய்வதில்லை. அவன் கிளம்பும்போது புது மாணவர் சேரவில்லை, நிதி இல்லாத வருடம் அது. ஃப்ரீசரில் அவன் கையெழுத்தோடு டப்பாக்கள் இருக்குமாம். திறந்து பார்த்தால் எது எது என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

இங்கே பிறந்த நம் பிள்ளைகளில் பலர் பயோ படிக்கிறார்கள், பெரும்பாலும் மெடிக்கல் ஸ்கூலுக்கு ஏணியாக. கோடையில் லேபில் சேர்ந்து ரெஸ்யூமேயில் ஒரு வரி சேர்ப்பார்கள். அவர்களுக்கு விசா பிரச்சினை கிடையாது, அதுவே பெரிய பலம். அப்படிச் சேரும் பிள்ளைகளிடம், பெரிய பேராசிரியர் பெயரைப் பார்த்துச் சேராதே, முதலில் மூன்று கேள்வி கேள் என்று சொல்லலாம்: லேபின் இப்போதைய கிராண்ட் எந்த மாதம் முடிகிறது? எனக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கப்போவது யார்? அவர் இன்னும் எத்தனை மாதம் இங்கே இருப்பார்? முகத்தைச் சுளிக்காமல் பதில் சொல்கிற லேபில் சேரலாம்.

நம்ம சங்கங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பொங்கல் விழா மேடையில் ஐடி தொழில்முனைவோருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம், நல்லது. குடியேற்ற வக்கீலைக் கூப்பிட்டு இலவச ஆலோசனை நடத்தும்போது எச்1பியோடு நிறுத்தாமல் ஜே1, இரண்டு வருட நிபந்தனை, பல்கலைக்கழக மனு இவற்றுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். லேபில் இருப்பவர்களுக்கு வக்கீல் ஃபீஸ் கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லை. குடியுரிமை பெற்றவர்கள் தங்கள் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்துக்கு போன் செய்யும்போது கிரீன் கார்டு வரிசையைப் பற்றி மட்டும் சொல்கிறோம். இந்திய ஈபி-2 வரிசை பல வருடம் பின்தங்கி நிற்கிறது, சொல்லத்தான் வேண்டும். அதே போனில் என்ஐஎச் பணம் எத்தனை லேப்களுக்குப் போகிறது என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

ஒரு லட்சம் டாலர் உத்தரவை எதிர்த்து அமெரிக்க வர்த்தக சபையோடு சேர்ந்து பல்கலைக்கழகங்களின் சங்கமும் வழக்குப் போட்டது. டிசம்பரில் வாஷிங்டன் நீதிமன்றம் அரசு பக்கம் தீர்ப்புச் சொன்னது. உத்தரவின் ஆயுள் 12 மாதம்தான். நீட்டிக்காவிட்டால் 2026 செப்டம்பரில் தானாக முடிந்துவிடும். நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று தெரியும் வரை, லேப்கள் வெளியிலிருந்து வரும் விண்ணப்பங்களை ஓரமாக வைத்துவிட்டு, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களில் யார் கிடைப்பார்கள் என்றுதான் பார்க்கும். சென்னையிலோ பெங்களூரிலோ பிஹெச்டி முடித்துவிட்டு மெயில் அனுப்பிக் காத்திருக்கும் பிள்ளைகளுக்குப் பதில் வராததற்குக் காரணம் அவர்களுடைய ரெஸ்யூமே இல்லை.